இடதுசாரித் துப்பாக்கிக் கழகத்தில் ஒரு நாள் பயிற்சி: சேர நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் நான் முதன்முதலாகச் சென்றது, டெக்சாஸில் நான் வசிக்கும் பகுதிக்கு அருகிலுள்ள ஒரு வணிகச் சுடுதளத்துக்கு. அங்கே கல்லாவுக்குப் பின்னால் விற்பனைக்கு அடுக்கியிருந்த இலக்கு அட்டைகளில் ஒன்றில், தலையில் துணி சுற்றிய தாடிக்கார உருவம் அச்சிடப்பட்டிருந்தது. வழக்கமான வட்டம் போட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, கொடுத்தார்கள், யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் கிளம்பி வந்துவிட்டேன். அந்த அட்டையைப் பார்த்ததும் என் தாத்தாவின் தலைப்பாகை நினைவுக்கு வந்துவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

இப்படி ஒதுங்கிப் போகிறவர்களுக்கு அமெரிக்காவில் வேறு சில வாசல்கள் இருக்கின்றன. சோசலிஸ்ட் ரைஃபிள் அசோசியேஷன், பல நகரங்களில் தனித்தனியாக இயங்கும் ஜான் பிரவுன் கன் கிளப்புகள், டாலஸில் 2014-இல் உருவான ஹியூய் பி. நியூட்டன் கன் கிளப் ஆகியவை வெளிப்படையாகவே இடதுசாரிக் கொள்கையை முன்வைப்பவை. லிபரல் கன் கிளப் அவற்றைவிட மிதமானது. 2000-இல் பாலினச் சிறுபான்மையினருக்காகத் தொடங்கிய பிங்க் பிஸ்டல்ஸையும், 2015-இல் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய தேசிய ஆப்பிரிக்க அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தையும் சிலர் இதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு, அவர்கள் தங்களை எந்தக் கட்சிக் கொள்கையோடும் கட்டிக்கொள்வதில்லை. நான் சென்ற கழகம் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், அவர்களோ ஒரு டாலர்கூட ஊதியம் பெறாமல் விடுமுறை நாளைச் செலவிடுகிறவர்கள். தவிர, இப்போதைய சூழலில் தங்கள் பெயர் வெளியே பேசப்படுவதை அவர்களில் பலர் விரும்பவில்லை.

பயிற்சி காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, கழக உறுப்பினர் ஒருவருடைய உறவினரின் மேய்ச்சல் நிலத்தில் நடந்தது. கட்டணம் 60 டாலர். வசதி இல்லாதவர்கள் குறைத்துக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அதில் தோட்டாக்களின் விலையும், காதுக் கவசம், கண்ணாடி ஆகியவற்றின் வாடகையும் அடக்கம். மாணவர்கள் 14 பேர், பயிற்றுநர்கள் 5 பேர். வணிகச் சுடுதளங்களில் இதே விலைக்கு ஒரு பயிற்றுநர் 20 பேரைச் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால், இந்தக் கணக்கு ஒன்றுக்காகவே கட்டணம் நியாயமானது என்பேன்.

முதல் ஒன்றரை மணி நேரம் துப்பாக்கியைக் கண்ணிலேயே காட்டவில்லை. நான்கு விதிகளைச் சொன்னார்கள், சொல்லவைத்தார்கள், பிறகு ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தி மீண்டும் கேட்டார்கள். எல்லாத் துப்பாக்கிகளிலும் தோட்டா இருப்பதாகவே எண்ணிக்கொள். அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. குறி இலக்கின் மேல் நிலைக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள். இந்த நான்கும் அரசியல் வேறுபாடின்றி அமெரிக்காவின் எல்லாச் சுடுதளங்களிலும் ஓதப்படுபவைதாம். இங்கே நான் கண்ட வேறுபாடு, ஒரு விதி மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்கள் சொன்ன எடுத்துக்காட்டுகள் வீட்டுக்குள்ளிருந்து வந்தவை என்பது: மேசை இழுப்பறை, காரின் இருக்கை இடுக்கு, குழந்தையின் கைக்கு எட்டும் அலமாரி. திருடனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதன் பிறகு புள்ளி 22 ரகத் தோட்டாவைப் பயன்படுத்தும் ரைஃபிள்களை எடுத்துவந்தார்கள். தோட்டா அறைக்குள் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கொடி ஒன்று செருகப்பட்டிருந்தது. அது வெளியே தெரியும் வரை துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்பது தொலைவிலிருந்தே தெரியும். தொடக்கநிலையினருக்கு இந்த ரகத்தைக் கொடுப்பதுதான் அறிவுடைமை. தோளில் உதை ஏறக்குறைய இல்லை, ஓசையும் ஒப்பளவில் குறைவு, ஆகவே கை நடுங்காமல் கண் திறந்தபடி சுடப் பழகலாம். குறைவான ஓசை என்றாலும் காதைக் கெடுக்கப் போதுமானது என்பதையும் எச்சரித்தார்கள். நுரைப்பஞ்சு அடைப்பானை விரலிடையே மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துச் செருகி, அது உள்ளே விரியும் வரை அழுத்தி வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் காதுக் கவசம். நான் அவசரத்தில் இடது காதில் அரைகுறையாகச் செருகிவிட்டு, மறுநாள் காலை வரை அந்தக் காதில் ஒரு சில்வண்டை வைத்துக்கொண்டு திரிந்தேன். அது என் தவறு, அவர்களுடையது அன்று.

பயிற்சியின் தரத்தை எடைபோட ஒரு காட்சி போதும். 25 கெஜத் தொலைவில் அட்டையில் ஒட்டிய காகிதத் தட்டுகளை நோக்கி வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அடுத்திருந்த பெண்ணின் கழுத்துப் பட்டைக்குள், பக்கத்துத் துப்பாக்கியிலிருந்து தெறித்த சூடான வெற்றுத் தோட்டா ஒன்று விழுந்தது. வெந்த இடத்தைத் தட்டிவிட எவருக்கும் கை தானாகவே எழும். அவருக்கும் எழுந்தது, துப்பாக்கியும் உடன் திரும்பத் தொடங்கியது. பின்னால் நின்றிருந்த பயிற்றுநர் கூச்சலிடவில்லை. ஒரு கையால் ரைஃபிளின் முன்பகுதியைப் பிடித்து மண்மேட்டை நோக்கியே அழுத்தியபடி, மறு கையை உயர்த்தி “நிறுத்துங்கள்” என்றார். வரிசை முழுவதும் நின்றது. அந்தப் பெண் தோட்டாவை எடுத்து எறிந்து, கண்களைத் துடைத்து, மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, “விரலை வெளியே வைத்திருந்தீர்கள், அது போதும்” என்று மட்டும் சொன்னார் அவர். விசையில் விரல் இல்லாததால்தான் அங்கே எதுவும் நடக்கவில்லை. கழுத்தை ஒட்டிய பருத்திச் சட்டை அணிந்து வரச் சொல்லிய மின்னஞ்சலை அதன் பிறகுதான் நாங்கள் எல்லாரும் ஒழுங்காகப் படித்தோம்.

பிற்பகலில் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும், விரும்பியவர்களுக்கு ஏஆர்-15 வகை ரைஃபிளும். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் குறைவு, ஒவ்வொருவருக்கும் 20 தோட்டா. சுடும் திறமையை மட்டும் கருதினால், நல்ல வணிகப் பயிற்றுநர் ஒருவர் இதைவிடக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கையைக் கழுவாமல் யாரையும் உணவுப் பக்கம் விடவில்லை. தோட்டாப் புகையிலும் தூளிலும் ஈயம் இருக்கிறது, காலணியை வீட்டுக்கு வெளியே கழற்றுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்கள். காலணியைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி என் பெரிய குறைக்கு வருகிறேன். என்னோடு அலுவலகத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். நான் கிரீன் கார்டு உள்ளவன். அவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். பதிவுப் படிவத்தில் உணவு ஒவ்வாமை முதல் எந்தச் சுட்டுப்பெயரால் அழைக்க வேண்டும் என்பது வரை கேட்டிருந்தார்கள். குடிவரவு நிலையைக் கேட்கவில்லை. கேட்பது புலம்பெயர்ந்தோரை அவமதிப்பதாகும் என்று கருதித்தான் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அந்த நல்லெண்ணம் இந்த இளைஞரைச் சிறைக்கு அனுப்பியிருக்கக்கூடும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. சுடுதளத்தில் இரவலாகக் கையில் வாங்குவதும் வைத்திருப்பதாகவே கணக்கிடப்படலாம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது உள்ளிட்ட சில விலக்குகள் உண்டு. அவை இல்லையென்றால், 2022-இல் உயர்த்தப்பட்ட தண்டனையின்படி 15 ஆண்டுகள் வரை சிறை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இது ஏட்டளவில் மட்டும் உள்ள சட்டமும் அன்று. ரெஹைஃப் என்ற மாணவர், மதிப்பெண் குறைவால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு மாணவர் விசா நிலையை இழந்த பிறகு, ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்தில் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தன் குடிவரவு நிலை தடைக்குரியது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு ஓரளவு துணைதான். ஆனால் நாடு கடத்தும் அச்சத்தோடு வாழ்கிறவருக்கு, வழக்கே தண்டனை.

ரைஃபிள்களை மேசையில் வைத்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. பயிற்றுநரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது. தன் கைப்பேசியில் சட்டப் பிரிவைத் தேடிப் படித்துவிட்டு, இளைஞரிடம் வந்து, துப்பாக்கியையும் தோட்டாவையும் தொடாமல் பின்வரிசையில் அமர்ந்து பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். “அண்ணா, சும்மா பிடிச்சுப் பார்க்கக்கூடவா கூடாது?” என்றார் இளைஞர். “கூடாதுப்பா” என்றேன். மூன்று மணி நேரம் காதுக் கவசத்தோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய 60 டாலரைக் கேட்காமலேயே திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். இருந்தாலும், புலம்பெயர்ந்தோருக்குத் துணை நிற்கிறோம் என்று பதாகையில் எழுதியிருக்கும் ஒரு கழகத்துக்கு, புலம்பெயர்ந்தோரை மிக எளிதாக அழிக்கும் சட்டப் பிரிவு தெரியாமல் இருந்தது மன்னிக்கக்கூடிய பிழையாக எனக்குத் தோன்றவில்லை. படிவத்தில் பதிலைக் கேட்க வேண்டியதில்லை. “கீழ்க்கண்ட நிலையில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொட வேண்டாம், மற்ற வகுப்புகளுக்கு வாருங்கள்” என்று ஒரு பத்தி அச்சிட்டால் போதும். எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அதே பத்தியில் கஞ்சாவையும் சேர்க்கலாம். உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கும் ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டிய 4473 எண் படிவம் அதைப் பற்றிக் கேட்கிறது. மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று அந்தக் கேள்வியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பகல் உணவின்போது அங்கே மரநிழலில் வந்த வாடையை வைத்துச் சொல்கிறேன், இது தேவையற்ற அறிவுரை அன்று.

பகல் உணவோடு ஒரு வரலாற்றுச் சொற்பொழிவு. பேசியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கதை சொல்லத் தெரிந்தவர். அடிமை முறையை ஆயுதம் கொண்டு ஒழிக்க 1859-இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்குமேடை ஏறிய ஜான் பிரவுன். 1921-இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு சுரங்க முதலாளிகளின் ஆட்களோடு மோதிய நிலக்கரித் தொழிலாளர்கள். வட கரோலினாவின் மன்ரோ நகரில் 1957-இல், இன்று வலதுசாரிகளின் அரணாக இருக்கும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் கிளையாகவே பதிவு செய்துகொண்டு, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைத் துப்பாக்கியால் விரட்டிய ராபர்ட் வில்லியம்ஸும் அவருடைய தோழர்களும். இந்த மூன்றாவது செய்தியைக் கேட்டதும் வரிசையில் சிரிப்பு எழுந்தது. பிறகு 1967 மே 2 அன்று, ஆயுதமேந்திய கறுஞ்சிறுத்தைகள் (பிளாக் பாந்தர் கட்சியினர்) சுமார் 30 பேர் கலிஃபோர்னியச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்ததும், பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை ஏந்தத் தடை விதித்த மல்ஃபோர்டு சட்டத்தில் அதே ஆண்டு ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டதும். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் யாரைக் கண்டு பிறந்தன என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

சொற்பொழிவில் விடுபட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சிகாகோவில் ஜெர்மானியச் சோசலிசத் தொழிலாளர்கள் 1875-இல் லேர் உண்ட் வேர் ஃபெராய்ன் என்ற ஆயுதக் கழகத்தை நிறுவினார்கள். கற்றலுக்கும் காப்புக்குமான சங்கம் என்பது அதன் பொருள். தொழிலாளர் கூட்டங்களைக் காவல்துறை அடித்துக் கலைத்ததால் எழுந்த அமைப்பு அது. அரசு அனுமதியில்லாத ஆயுத அணிவகுப்பை இல்லினாய் மாநிலம் 1879-இல் தடை செய்தது. அதே ஆண்டு இறுதியில் ஹெர்மன் பிரெஸ்ஸர் என்பவர் சுமார் 400 பேரை நடத்திச் சென்று, 10 டாலர் அபராதம் பெற்று, வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், 1886-இல் தோற்றார். தனிநபருக்குத் துப்பாக்கி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த 2008-ஆம் ஆண்டின் ஹெல்லர் வழக்கிலும், தனியார் படைகளைத் தடை செய்வதற்கு இது குறுக்கே நிற்காது என்று நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பையே சுட்டிக்காட்டியது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் தனியார் படை நடவடிக்கைக்குத் தடை இருக்கிறது. கலவரத்தில் பயன்படும் என்று தெரிந்தே ஆயுதப் பயிற்சி கொடுப்பது 1968 முதல் கூட்டாட்சிக் குற்றம். கறுஞ்சிறுத்தைகளின் கதை உள்ளத்தைச் சூடேற்றுகிறது, உண்மைதான். ஆனால் இந்தக் கழகம் நாளைக்கு நீதிமன்றத்தில் நின்றால் அதன் முன் வைக்கப்படப் போவது பிரெஸ்ஸரின் 10 டாலர் அபராதச் சீட்டு. அதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது சொற்பொழிவின் குறை.

இந்தக் குறை மாலையில் நடந்த வகுப்பில் வெளிப்பட்டது. “சமூகப் பாதுகாப்பு அறிமுகம்” என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். ரப்பர் துப்பாக்கிகளைக் கொடுத்து, ஒரு தானியக் கொட்டகையைக் கூட்டம் நடக்கும் அரங்காகப் பாவித்து, வாசலில் எப்படி நிற்பது, கைகளை எங்கே வைத்துக்கொள்வது, கத்திக்கொண்டு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று 45 நிமிடம் பழக்கினார்கள். பேசிப் பதற்றம் தணிக்கும் பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்கு 10 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் நிற்பதும் நடப்பதும். டெக்சாஸில் இது வெறும் ஒத்திகை அன்று. 2022-இல் ரோனோக் ஊரில், பெண் வேடக் கலைஞர்களின் பகல் விருந்து ஒன்றுக்கு ஜான் பிரவுன் கன் கிளப்பினர் ரைஃபிள்களோடு வெளியே காவல் நின்றதை நாடே பார்த்தது. அன்று யாருக்கும் காயமில்லை. ஆனால் 2020 ஜூலையில் ஆஸ்டினில் நடந்த ஊர்வலத்தில் சட்டப்படி ரைஃபிள் ஏந்தி வந்த காரெட் ஃபாஸ்டர், காரில் வந்த ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபாஸ்டர் தன் துப்பாக்கியைக் காரில் வந்தவரை நோக்கித் திருப்பினாரா, வெறுமனே பிடித்திருந்தாரா என்பதே வழக்கின் மையமானது. கொன்றவர் 2023-இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 2024-இல் ஆளுநரின் மன்னிப்பில் வெளியே வந்தார். 2025 ஜூன் 14 அன்று சால்ட் லேக் சிட்டியில், ஊர்வலத்துக்குப் பாதுகாப்பாக வந்த தன்னார்வலர் ஒருவர், ரைஃபிள் வைத்திருந்த ஒருவரை நோக்கிச் சுட்டதில், அணிவகுப்பில் வந்த வேறொருவர் குண்டு பாய்ந்து இறந்தார். காலையில் எங்களைத் தனித்தனியே நிறுத்திச் சொல்லவைத்த நான்காவது விதி இதுதானே: இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஆயிரக்கணக்கானோர் திரண்ட தெருவில் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. மாலை வகுப்பில் அந்த விதி ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை.

இதைப் பற்றி நான் கேட்டேன். பகலில் சொற்பொழிவாற்றிய ஆசிரியர் சற்று யோசித்து, லூசியானாவின் டீக்கன்களைச் சொன்னார். ஜோன்ஸ்பரோவில் 1964-இல், காவல்துறை வாகனமே முன்னே செல்ல கிளான் ஊர்வலம் கறுப்பினக் குடியிருப்பில் புகுந்த பிறகு, அங்கிருந்த ஆண்கள் இரவுக் காவலுக்காகச் சேர்ந்து அமைத்ததுதான் பாதுகாப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள் என்ற அமைப்பு. மறு ஆண்டு போகலூசாவிலும் கிளை தோன்றியது. சரியான எடுத்துக்காட்டுதான். ஆனால் அது இந்த வகுப்புக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. டீக்கன்களில் பெரும்பாலோர் அதே ஊர் ஆலைகளில் வேலை செய்தவர்கள், படையில் பணியாற்றித் திரும்பியவர்கள், தேவாலயத்தில் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள்; யாருடைய வீட்டு முன் காவல் இருந்தார்களோ அந்த வீட்டின் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள். எங்கள் 14 பேரில் 9 பேர் 30 மைலுக்கு மேல் காரோட்டி வந்திருந்தோம். பக்கத்துப் பண்ணைக்காரரின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவரோ எங்கள் வெடிச் சத்தத்தைக் கேட்டுக் காலையில் ஒருமுறை வேலியருகே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எந்தச் சமூகத்தை நாங்கள் காக்கப் போகிறோம் என்பதுதான் அந்த வகுப்பில் சொல்லப்படாதது. துப்பாக்கிப் பாதுகாப்பை ஒரு நாளில் கற்பிக்கலாம். அக்கம்பக்கத்தை 45 நிமிடத்தில் கற்பிக்க முடியாது, அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது.

இந்த நாளில் நான் மீண்டும் பணம் கொடுத்துச் செல்லத் தயாராக இருப்பது, இடையில் நடந்த இரண்டு மணி நேர இரத்தக்கசிவுத் தடுப்பு வகுப்புக்கு. நடத்தியவர் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். 2015 முதல் அமெரிக்கா முழுவதும் ஸ்டாப் த பிளீட் என்ற பெயரில் பொதுமக்களுக்குச் சொல்லித்தரப்படும் அதே பாடம்தான்; ஆனால் அவர் படங்களைக் காட்டி முடித்துவிடவில்லை. பன்றி இறைச்சித் துண்டில் குழி வெட்டி, அடியிலிருந்து குழாய் வழியாகச் சிவப்புச் சாயநீரைப் பீய்ச்சி, காயத்துக்குள் துணியை விரலால் திணிக்கச் சொன்னார். மேலே வைத்து அழுத்தினால் நிற்காது, குழியின் அடி வரை திணித்து முழு உடல் எடையோடு அழுத்த வேண்டும் என்பது விரலுக்குப் புரியும் வரை விடவில்லை. இரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்கு பட்டையான டூர்னிக்கெட்டைக் கட்டும்போது முறுக்கும் கோலை எங்களில் பெரும்பாலோர் ஒன்றரைச் சுற்றில் நிறுத்திவிட்டோம், வலிக்குமே என்று. “வலித்தால்தான் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள்” என்று சொல்லி, தன் தொடையிலேயே கட்டிக்கொண்டு, பாதத்தில் நாடித்துடிப்பு நின்றுவிட்டதா என்று எங்களைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுத வேண்டும். மருத்துவமனை வரும் வரை அவிழ்க்கக் கூடாது. என் இளைஞர் நண்பர் அன்று முழுவதும் தவறவிட்டதை இங்கே ஈடுகட்டிக்கொண்டார். வகுப்பிலேயே குறைந்த நேரத்தில் கட்டியவர் அவர்தான்.

அந்தச் செவிலியரே வீட்டில் துப்பாக்கியை வைத்துக்கொள்வது பற்றியும் பேசினார். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்ற கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, “அரசியல் எதிரியைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் நம் வீட்டில் மனம் உடைந்திருப்பவரைப் பற்றிப் பேசலாம்” என்றார். துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில். கெட்ட காலம் ஒன்று வந்தால் நண்பரிடம் சாவியைக் கொடுத்துவைப்பது. கொடுத்துவைக்கக் கேட்பதை வெட்கமாக எண்ணாதிருப்பது. கழக உறுப்பினர்கள் இருவர் அப்படிச் சாவியைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்றும், யார் என்று கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். துப்பாக்கி விற்கும் இடங்களில் நான் இதுவரை கேட்டிராத பேச்சு இது.

சேர நினைக்கும் தமிழர்கள் இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். 2025 ஜூலை 4 அன்று டெக்சாஸின் ஆல்வரேடோவில் குடிவரவுத் தடுப்பு மையத்துக்கு வெளியே காவலர் ஒருவர் சுடப்பட்ட பிறகும், அதே ஆண்டு செப்டம்பரில் பாசிச எதிர்ப்பு இயக்கமான ஆன்டிஃபாவை உள்நாட்டுப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்து அதிபர் ஆணை வெளியிட்ட பிறகும், இத்தகைய கழகங்களோடு உள்ள தொடர்பு எப்படிப் பார்க்கப்படும் என்பது மாறியிருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பது கிரீன் கார்டு உள்ளவருக்குச் சட்டப்படி உரிமை. கழகத்தில் சேர்வதும் உரிமை. ஆனால் குடியுரிமை விண்ணப்பப் படிவம், ஆயுதக் குழு எதிலாவது உறுப்பினராக இருந்தீர்களா, ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா என்று கேட்கும். அதற்கு உண்மையாகப் பதில் எழுதும் மனநிலை இல்லாதவர்கள் சேராமல் இருப்பது நல்லது. ஐயம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் பேசிவிடுவது அதைவிட நல்லது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஐந்துக்கு நான்கரை, சுடும் திறமைக்கு மூன்று, முதலுதவிக்கு ஐந்து, சட்ட அறிவுக்கு ஒன்று. சமூகப் பாதுகாப்பு வகுப்புக்கு மதிப்பெண் போட விரும்பவில்லை. டூர்னிக்கெட் ஒன்று வாங்கிக் காரின் முன் இருக்கைக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறேன். துப்பாக்கி வாங்குவது பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது, சாவி யாரிடம் இருக்கும் என்று மனைவி கேட்டார். அதற்கு நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்ளும் பதில் இன்னும் கிடைக்காததால் வாங்கவில்லை. அடுத்த மாதம் முதலுதவி வகுப்பை மட்டும் தனியாக நடத்துகிறார்கள், கட்டணம் இல்லை, அங்கே துப்பாக்கியும் இருக்காது. எங்கள் இருவர் பெயரையும், இளைஞர் பெயரையும் கொடுத்திருக்கிறேன்.